குழியில் கிடந்த ராகி

தஞ்சாவூர்க்காரர்கள் தங்கள் நெல்லை உயரத்தில் வைத்தார்கள். சேலத்துக்காரர்கள் தங்கள் ராகியைப் பூமிக்குள் புதைத்தார்கள். பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்னும் நிற்கிறது. 36 அடி உயரம். 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் தவறாமல் அண்ணாந்து பார்த்து, அந்தக் காலத்து மனிதர்களை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் அண்ணாந்து பார்க்க அப்படி ஒன்றும் கிடையாது. இங்கே களஞ்சியம் காலடியில் இருந்தது. வழிப்போக்கன் அதன் மேலேயே நடந்து போவான். தன் காலுக்குக் கீழே ஒரு குடும்பத்தின் இரண்டு வருஷச் சாப்பாடு கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டில் ஒரு பகுதிதான். படை வந்தாலும் சரி, வரி வசூலிக்கிறவன் வந்தாலும் சரி, கண்ணுக்குத் தெரிகிற தானியம் முதலில் போகும்.

தானியக் குழி எப்படி இருக்கும் என்று இந்தத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டு வாசலிலோ, களத்து ஓரத்திலோ, சில ஊர்களில் கோயிலுக்கு முன்னாலோ, தண்ணீர் ஊறாத மேட்டு நிலமாகப் பார்த்துத் தோண்டுவார்கள். மண் கெட்டிச் செம்மண்ணாக இருக்க வேண்டும். வாய் குறுகல், ஓர் ஆள் கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கலாம். உள்ளே போகப் போகக் குடம் மாதிரி அகன்றிருக்கும். சுற்றிலும் தாளும் வைக்கோலும் கொடுத்து, நன்றாகக் காய்ந்த ராகியைக் கொட்டி நிரப்பி, மேலேயும் தாளைப் பரப்பி, பலகைக் கல்லால் மூடி, மண்ணைப் போட்டு மெழுகிவிடுவார்கள். அப்புறம் அதன் மேல் மாடு கட்டலாம், வண்டி நிறுத்தலாம், கல்யாணப் பந்தலே போடலாம்.

உள்ளே நடப்பது அழகான விஷயம். தானியத்துக்கும் உயிர் உண்டு; அது மூச்சு விடுகிறது. அதோடு உள்ளே போன பூச்சி, புழுவும் மூச்சு விடுகிறது. அடைத்த குழிக்குள் இருக்கிற காற்றில் பிராணவாயு குறைந்து கரியமில வாயு நிறைகிறது. நாளடைவில் பூச்சிகள் செத்துப் போகின்றன. தானியம் மட்டும் உறங்குகிற மாதிரி கிடக்கிறது. இந்த வித்தைக்கு ராகியைப் போலப் பொருத்தமான தானியம் இல்லை. பொடி மணி, கெட்டித் தோல். பூச்சி துளைத்து உட்கார இடம் இல்லை. நெல்லும் சோளமும் வருஷக் கணக்கில் தாக்குப் பிடிக்காத இடத்தில் ராகி பல வருஷம் கிடக்கும்.

பூச்சியைக் கொல்கிற காற்று மனிதனையும் கொல்லும். குழியைத் திறந்தவுடன் இறங்கக் கூடாது என்பது ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சட்டம். கல்லைப் புரட்டிவிட்டு நெடுநேரம் காற்றாட விடுவார்கள். பிறகு ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். எரிந்துகொண்டே இருந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இறங்கி, மேலே வராதவர்களும் உண்டு. அவர்களைத் தூக்கப் போய் அப்படியே சாய்ந்தவர்களும் உண்டு. பசி அவசரப்படுத்துகிற வருஷங்களில்தானே குழியைத் திறப்பார்கள்!

குழி ராகிக்கு ஒரு வாடை உண்டு. ஓரத்தில் கிடந்தது சற்று நிறம் மாறி, மக்கிய மண்வாசனை அடிக்கும். மாப்பிள்ளை விருந்துக்கு அதில் களி கிண்டிப் போட்டால் சம்பந்திச் சண்டை வந்துவிடும். ஆனால் அது விருந்துக்கு வைத்த தானியம் அல்ல.

பூமிக்குக் கீழே இருந்தது ஆண்களின் கணக்கு என்றால், பூமிக்கு மேலே இருந்தது பெண்களின் கணக்கு. அந்தக் கணக்குக்குத் தனியாக ஒரு பஞ்சாங்கம் இருந்தது. தை, மாசியில் துவரை வரும். அதை ஊற வைத்துச் செம்மண் குழம்பில் புரட்டி, ஒரு பகல் ஓர் இரவு வைத்திருந்து, வெயிலில் காய வைப்பார்கள். மண் கட்டிய துவரையைத் திருகையில் இட்டு உடைத்தால் பருப்பு இரண்டாகப் பிளந்து மஞ்சளாக விழும். வண்டும் கிட்டே வராது. மாசி, பங்குனியில் புளி. ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை தட்டி, கல்லுப்பைத் தூவித் தூவிப் பானையில் அமுக்கி வைப்பார்கள். புதுப் புளியைத் தொடாமல், முந்திய வருஷத்துக் கறுத்த புளியைக் கரைக்கிற வீட்டுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு. ஆமணக்கை வறுத்து இடித்துக் கொதிக்க வைத்து, மேலே மிதக்கிற எண்ணெயை அகப்பையால் வழித்தெடுப்பார்கள். விளக்கு, வைத்தியம், குழந்தையின் உச்சந்தலை, துவரம்பருப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண்ணெய்தான்.

சித்திரையும் வைகாசியும் வந்துவிட்டால் கூரையும் பாறையும் பெண்களுக்குச் சொந்தம். சுண்டைக்காய், கொத்தவரை, அவரை, கத்தரி என்று காய்த்ததில் மிஞ்சியதெல்லாம் உப்பும் மோரும் கண்டு வற்றலாகும். மாம்பழத்துக்குப் பேர்போன சேலத்தில் காற்றில் உதிர்ந்த காயை யாரும் எறிந்துவிட மாட்டார்கள். அதைக் கீற்றுப் போட்டு, உப்பில் பிசறி, தோல் சுருங்கும் வரை காய வைத்துப் பானையில் போட்டுவிடுவார்கள். ஐப்பசி மழையில் கறிகாய் கிடைக்காத நாளில் அந்த வற்றல் நாலு துண்டு கொள்ளுக் குழம்பில் விழுந்தால் போதும். வீடு முழுவதும் சித்திரை மாத வாசனை அடிக்கும்.

இதையெல்லாம் சிக்கனம் என்று சொல்வதுதான் வழக்கம். மாதர் பத்திரிகைகளில் 'இல்லத்தரசிகளுக்கு' என்று தலைப்பிட்டு, வற்றல் போடும் முறையும் ஊறுகாய் போடும் முறையும் எழுதுகிறவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. சேர்த்து வைத்திருக்கிறவனுக்குக் கிடைப்பது மிச்சம் மட்டும் அல்ல, காத்திருக்கிற சக்தி. ராகி விலை இறங்கிக் கிடக்கிறபோது அவன் விற்க வேண்டியதில்லை. ஏறிக் கிடக்கிறபோது வாங்க வேண்டியதில்லை. மழை ஒரு வருஷம் தப்பினால் அடுத்த வருஷத்து மழைக்காக அவனால் உட்கார்ந்திருக்க முடியும். மழையை நம்பிய பூமியில் இதைவிடப் பெரிய சொத்து கிடையாது. மேட்டூரில் 1934-ல் அணை எழுந்தபோதுகூட, தண்ணீர் நம் ஜில்லாவில் நின்றது. பயிர் பெரும்பாலும் தஞ்சாவூரில் விளைந்தது.

அந்தச் சொத்து யாரிடம் இருந்தது என்று கேட்டால்தான் பழைய காலத்தைப் பற்றிய பெருமூச்சு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. குழி, நிலம் உள்ளவனுக்கு இருந்தது. பண்ணையில் வேலை செய்தவனுக்குக் கூலி தானியமாகவே கிடைத்தது. ஆனால் அது அன்றைக்கோ மறு நாளைக்கோ காணும். அவன் வீட்டுக் களஞ்சியம் ஒரு மண்பானை. அது காலியானால் குழிக்காரர் வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் வள்ளத்தால் அளந்து கொடுப்பார். அறுவடையில் வட்டித் தானியமும் சேர்த்துத் திரும்ப அளந்து போட வேண்டும். குழியைத் தோண்டியதும் அவன்தான், விளக்கு இறக்கிப் பார்த்துவிட்டு முதலில் உள்ளே இறங்கியதும் அவன்தான். நெருக்கடியில் குழிக்காரர் திறந்து கொடுத்தால் தர்மம். திறக்காவிட்டால் கேட்க நாதி இல்லை. இருந்தாலும் ஒன்று உண்மை. தானியம் ஊருக்குள் கிடந்தது. யார் கையில் சாவி இருந்தாலும் பூட்டு ஊரில்தான் தொங்கியது.

பூட்டை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோனது ரெயில். சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கரையிலுள்ள பேப்பூர் வரைக்கும் 1862-ல் இருப்புப்பாதை போட்டு முடித்தார்கள். அதற்கு முன் இந்த ஜில்லாவில் அமோகமாக விளைந்தால் விலை விழும்; விலை விழுந்தால் குழி நிரம்பும். மாட்டு வண்டியில் ராகியை ஏற்றிக்கொண்டு நூறு மைல் போனால் வழியில் மாடு தின்கிற செலவுக்கே கட்டாது. ரெயில் வந்த பிறகு வெளியூர் விலை சேலத்து வாசலில் வந்து நின்றது. நல்ல விலை கண்முன்னே நிற்கும்போது மண்ணுக்குள் கொட்டி மூட யாருக்கு மனம் வரும்? தானியம் பணமாகிக் கைக்கு வந்தது. நிலவரி பணமாகவே கேட்டது. குழிக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் விற்றுத்தான் இருப்போம்.

1876-ல் மழை பொய்த்தது. தென்மேற்கும் ஏமாற்றியது, வடகிழக்கும் ஏமாற்றியது. 1877-லும் தென்மேற்குப் பருவம் சரியாக வரவில்லை. ஜனங்கள் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்வது இதைத்தான். நியாயமாகச் சொன்னால், அந்தச் சமயம் ரெயில் வெளியிலிருந்து தானியத்தைக் கொண்டும் வந்தது. ஆனால் வந்த தானியம் விலையோடு வந்தது. வேலையற்ற கூலிக்காரன் கையில் காசு இல்லை. கடையில் மூட்டை அடுக்கியிருக்க, கடைக்கு வெளியே ஆள் விழுந்து கிடந்த விசித்திரம் அப்போதுதான் நடந்தது. நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குக் கூலி நிர்ணயிக்க இந்திய சர்க்கார் ஸர் ரிச்சர்டு டெம்பிளை அனுப்பியது. அவர் சிக்கனப் பிரியர். நாள் முழுதும் கல் உடைக்கிற ஆண் பிள்ளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்பது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 450 கிராம். சென்னை ராஜதானியின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு இது போதாது, பருப்பாவது சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். வாதம் நடந்துகொண்டிருந்தபோது ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1877-ல் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள்.

இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது பழைய சேலம் ஜில்லா. 1871-ல் ஜனத்தொகை எடுத்தபோது அதில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881-ல் எடுத்தபோது சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் பெருகியிருக்க வேண்டிய ஜில்லாவில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான பேர் குறைந்து போனார்கள். எல்லாரும் சாகவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலைகளுக்கும் பிழைக்கப் போனவர்களும் அதில் உண்டு. அப்படிப் போகாமலும் சாகாமலும் மீந்தவர்களின் பேரன் பேத்திகள்தான் சாப்பிட்ட தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் அடிக்க வந்த கிழவிகள். அவர்களைக் கஞ்சத்தனம் பிடித்தவர்கள் என்று நாம் சிரித்தோம்.

பஞ்சம் தணிந்த 1878-ம் வருஷம் டிசம்பர் மாதம், அதே ஜில்லாவில், ஹோசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் ஒரு குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் சேலத்தில் வக்கீலாகி, 1917-ல் சேலம் நகரசபைத் தலைவராகி, 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்த ராஜாஜிதான் அது. நம் உக்கிராண அறைக் கதையில் அவர் இரண்டு தடவை குறுக்கே வருகிறார். முதல் தடவை உப்புக்காக.

மேலே சொன்ன வற்றல், புளி, ஊறுகாய் எல்லாவற்றிலும் ஒரு பொருள் தவறாமல் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். கடற்கரை இல்லாத சேலத்துக்கு உப்பு எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி இங்கேயே விளைந்தது. உவர் மண்ணை வாரிக் கரைத்து, வடித்து, காய்ச்சி மண்ணுப்பு எடுக்கிற உப்பிலியர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய இருந்தார்கள். கடலுப்பைவிட மட்டம்தான், கசப்பும் கலந்திருக்கும். ஆனால் ஏழைக்கு எட்டுகிற விலை. கம்பெனி சர்க்கார் 1805-ல் சென்னை ராஜதானியின் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. வரி கட்டாத மண்ணுப்பு அதற்குப் போட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மண்ணுப்பைக் காய்ச்சுவது குற்றமாக்கப்பட்டு ஒழிக்கப்பட்டது. உப்பிலியர்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குளம் வெட்டவும் ரோடு போடவும் போனார்கள். தன் வீட்டுப் புறக்கடை மண்ணில் பூத்த உப்பை அடுப்பில் ஏற்றினால் போலீஸ் வரும் என்ற நிலையை நினைத்துப் பாருங்கள். குழிக்கு ரெயில் செய்ததை உப்புச் சட்டிக்குச் சட்டம் செய்தது.

அதனால் 1930 ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு கிளம்பியபோது, அந்த நடையில் சேலத்துச் சமையலறைக்கும் ஒரு பங்கு இருந்தது. வழிநடைப் பாட்டை எழுதிக் கொடுத்தவரும் நாமக்கல்லுக்குப் பக்கத்து மோகனூரில் பிறந்த ராமலிங்கம் பிள்ளைதான். ஏப்ரல் 30-ம் தேதி உப்பை அள்ளினார்கள். ராஜாஜியைக் கைது செய்தார்கள். அடுத்த வருஷம் மார்ச்சில் காந்திஜியும் வைசிராய் இர்வினும் செய்த உடன்பாட்டில், உப்பு விளைகிற இடத்து ஜனங்கள் தங்கள் வீட்டு உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. கோர்ட்டும் சட்டசபையும் பேசாத 'வீட்டு உபயோகம்' என்ற வார்த்தை ஒரு ராஜ்ய உடன்படிக்கையில் ஏறியது எனக்கு என்றைக்கும் வியப்புதான். உப்பு வரி 1947-ல் ஒழிந்தது. மண்ணுப்புக் காய்ச்சத் தெரிந்த கைகள் அதற்குள் மறந்துவிட்டன.

இரண்டாவது மகாயுத்தம் உக்கிராண அறையின் கதவை முழுக்கத் திறந்துவிட்டது. 1942-ல் சிங்கப்பூரும் பர்மாவும் ஜப்பானியர் வசம் ஆயின. ரங்கூன் அரிசி நின்றது. ரேஷன் வந்தது, கொள்முதல் வந்தது, ஜில்லா விட்டு ஜில்லா தானியம் கொண்டுபோகப் பர்மிட் வந்தது. வீட்டில் தானியம் சேர்த்து வைப்பது முன் காலத்தில் குடித்தனப் பெருமை. இப்போது அது பதுக்கல். ஒரே பானை, ஒரே ராகி. பெயர் மட்டும் மாறிவிட்டது. பதுக்கல்காரர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அதிகாரி வருகிறார் என்றால் மூட்டை வைத்திருந்த வியாபாரியைவிட, குதிரில் விதைக்கென்று நாலு வள்ளம் வைத்திருந்த பெண்பிள்ளைதான் அதிகம் நடுங்கினாள்.

சிங்கப்பூர் போனதில் இன்னொன்றும் நின்றது. ஜவ்வரிசி. பெயரே பிறந்த ஊரைச் சொல்கிறது. ஜாவாவிலிருந்து வந்த அரிசி. கிழக்குத் தீவுகளில் ஒருவகைப் பனைமரத்தின் சோற்றைக் கரைத்து மாவெடுத்து மணியாக்கியது அசல் சரக்கு. நோயாளிக் கஞ்சிக்கும் பாயசத்துக்கும் அதைக் கப்பலில் இறக்கிக்கொண்டிருந்தோம். ஆலைகளில் நூலுக்குப் பசை போட அமெரிக்கச் சோள மாவும் வந்துகொண்டிருந்தது. சேலமோ நெசவாளர் ஊர். பாவுக்குக் கஞ்சி இல்லாவிட்டால் தறி ஓடாது. இரண்டும் சேர்ந்தாற்போல் அற்றுப்போன சமயத்தில், 1943-ல், சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் என்பவர் மரவள்ளிக் கிழங்கின் மேல் கண்ணை வைத்தார். மீன் வியாபாரமாக அவர் மலையாளத்துக்குப் போய் வருகிறவர். மலையாளத்தில் மரவள்ளி ஏராளம். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்துக்கு மாற்றாக அந்தக் கிழங்கை ஜனங்களிடையே பரப்பியிருந்தார். பினாங்கில் இருந்து திரும்பிய போபட்லால் ஷா என்பவருக்கு அந்தக் கிழங்கிலிருந்து மாவெடுக்கிற முறை தெரியும். இருவரும் சேர்ந்தார்கள்.

ஆரம்பத்தில் அது தொழிற்சாலையே அல்ல. பெரிய அளவில் நடந்த சமையல்தான். கிழங்கின் தோலைப் பெண்கள் கத்தியால் சீவினார்கள். அரைத்ததைத் தண்ணீர் விட்டுத் துணியில் வடிகட்டினார்கள். பாலைத் தெளிய வைத்து, அடியில் படிந்த மாவை எடுத்து, தூளி மாதிரித் துணியில் போட்டுக் குலுக்கினார்கள். ஈரமாவு உருண்டு உருண்டு மணியாயிற்று. அதைச் சட்டியில் வறுத்து வெயிலில் பரப்பினார்கள். வீட்டில் குழந்தைக்குக் கூவைமாவு எடுத்த எந்தப் பாட்டியும் இதைப் பார்த்திருந்தால், "இதற்கா பினாங்கு போனீர்கள்?" என்று கேட்டிருப்பாள். பிறகு வெங்கடாசலக் கவுண்டர் என்ற கைதேர்ந்த மெக்கானிக் இயந்திரங்களைச் சீர்படுத்திக் கொடுத்தார். பாட்டியின் துணி போயிற்று. உற்பத்தி பலமடங்கு ஏறிற்று.

அடுத்த வருஷமே சர்க்கார் குறுக்கிட்டது. ஊரில் உணவுப் பஞ்சம். ஆகவே ஜவ்வரிசியை ஜில்லாவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 1944-ல் சேலம் கலெக்டர் தடை போட்டார். உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, மேலிடத்தில் முறையிட்டுத் தடையை நீக்கிக்கொண்டார்கள். 1876-ல் ராகி வெளியே போனபோது தடுக்க ஆள் இல்லை. 1944-ல் தடுக்க ஆள் வந்தபோது தடுக்கக் கூடாது என்று ஒரு சங்கமே எழுந்தது. இரண்டு சமயத்திலும் சாப்பிடுகிறவனை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் அந்தச் சங்கத்துக்காரர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது. வெளியே விற்காவிட்டால் அடுத்த வருஷம் கிழங்கு போட எவனும் முன்வர மாட்டான்.

ராஜாஜி இரண்டாம் தடவை வருகிற இடம் இது. 1952 ஏப்ரலில் முதல் மந்திரியான அவர், ஜூன் மாதம் சென்னை ராஜ்யத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். பதுக்கிய மூட்டைகள் சந்தைக்கு வரும் என்று துணிந்து சூதாடினார், மூட்டைகள் வந்தன. விதை ராகியை மறைத்து வைத்திருந்த பெண்பிள்ளை அன்றைக்குத்தான் மறுபடி குதிரைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாள். எனக்கு அவருடைய வேறு பல முடிவுகளில் சம்மதம் இல்லை. இதில் உண்டு.

குழி மறுபடி நிரம்பவில்லை. ராகி நிலங்களில் நிலக்கடலையும் பருத்தியும் மரவள்ளியும் ஏறின. ரேஷன் கடை அரிசி வந்த பிறகு களி என்பது ஏழையின் அடையாளமாகி, அப்புறம் சர்க்கரை வியாதிக்காரரின் மருந்தாகி, இப்போது பட்டணத்துக் கடைகளில் அழகான பையில் கிடைக்கிறது. கூரை வற்றலும் குறைந்துவிட்டது. இன்றும் சித்திரையில் மாடியில் விரிகிற பழைய வேஷ்டியில் பெரும்பாலும் காய்வது ஜவ்வரிசி வடகம்தான். பச்சைமிளகாயும் சீரகமும் அரைத்துவிட்ட கூழைக் கரண்டி கரண்டியாக ஊற்றிவிட்டு, காக்கைக்குக் காவலாகக் கறுப்புக் குடையை விரித்து வைக்கிறார்கள். வீட்டில் செய்ததை ஆலைக்கு எடுத்துப்போனோம். ஆலையில் செய்ததை வாங்கி வந்து வீட்டில் காய வைக்கிறோம்.

சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பகுதியை நாம் சாப்பிடுவதில்லை. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் சிவராத்திரிக்கும் நவராத்திரிக்கும் விரதம் இருக்கிறவர்கள் அன்னத்தை ஒதுக்கிவிட்டு 'சாபுதானா' கிச்சடி சாப்பிடுகிறார்கள். பசிக்காகப் பரப்பிய கிழங்கு உபவாசத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் விலை என்பதற்காக இங்கே ரசாயனத்தில் வெளுத்ததும், மக்காச்சோள மாவு கலந்ததும், அதிகாரிகள் சோதனை போட்டதும் பத்திரிகைகளில் வந்த கதை. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜாவாவின் பெயரை வைத்துக்கொண்டே சேலத்துச் சொத்தாகப் பதிவாகியிருக்கிற பண்டம் அது.

1981-ல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து சேலத்தில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். சேகோசர்வ் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆலைக்காரர் தம் மூட்டைகளை அதன் கிடங்கில் வைத்துவிட்டு, அதன்மேல் முன்பணம் வாங்கிக்கொள்ளலாம். ஏலத்தில் விலை படியாவிட்டால் அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. இது பழைய குழிதான். மண்ணுக்கு மேலே, சிமெண்டுத் தரையில், கணக்குப் புத்தகத்தோடு.

கிழங்கு போடுகிறவனுக்கு அந்தக் குழி இல்லை. தோண்டிய மரவள்ளி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுவிடும். ராகியைப் போல அதைப் புதைத்து வைக்க முடியாது. மலையாளத்தில் வீட்டுக்கு வீடு கிழங்கைச் சீவி அரைவேக்காடாக வேக வைத்து உலர்த்திப் பரணில் போட்டுக்கொள்கிறார்கள். இங்கே ஏக்கர் கணக்கில் போட்டதை எந்த அடுப்பு வேக வைக்கும்? லாரி ஆலை வாசலில் நிற்கும். மாதிரி எடுத்து மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள். பாயிண்டுக்கு இன்ன விலை என்று அன்றைக்குச் சொல்வதுதான் விலை. அது கட்டாது என்று தோன்றினால் அவன் செய்யக்கூடியது ஒன்றுதான்: தோண்டாமல் இன்னும் இரண்டு மாதம் கிழங்கை மண்ணிலேயே விட்டு வைக்கிறான். அதற்குள் நார் ஏறாமல் இருக்க வேண்டும், கிணற்றில் தண்ணீர் வற்றாமல் இருக்க வேண்டும், குத்தகைக் கெடு முடியாமல் இருக்க வேண்டும். ராசிபுரம், நாமக்கல் பக்கம் மாசி பங்குனியில் பஸ்ஸில் போனால், அறுவடைக் காலம் தாண்டியும் இலை உதிர்த்துக் குச்சி குச்சியாக நிற்கிற கொல்லைகளைப் பார்க்கலாம்.